மானை உள்ளே வைத்துக் கட்டிய வேலி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தொலைபேசியில் வந்தது. அழித்த காடு எப்படி மறுபடி முளைக்கிறது என்று ஆராய்வது என் அக்காவின் வேலை. இன்று மதியம் கூப்பிட்டவள், அழ வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஓரத்தில் நின்ற மரம் விழுந்து உடைந்த ஆய்வு வேலியை அவள் கணவர், என் அத்தான், அடித்துப்பிடித்து ஓடிப்போய்க் கட்டியிருக்கிறார். மானை உள்ளே வைத்து.

2

முதல் தொடக்கம்: "அந்த வனத்தின் பச்சைப் பெருமூச்சில்..." [அடித்துவிட்டேன். அங்கே வனமே இல்லை என்பதுதான் சிக்கல்.]

வெட்டி, எரித்து, மேல்மண்ணையும் மழைக்குக் கொடுத்த சரிவு அது. காடு திரும்பாததற்குக் காரணம் மண்ணா, மேயும் மானா என்று பார்க்கத்தான் அக்கா வேலி போட்டாள். உள்ளே மரக்கன்றுகள் இடுப்பளவு வந்துவிட்டன; வெளியே வெறும் புல். நாளை மேலதிகாரிகள் வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் சரிவு முழுவதற்கும் வேலி. இல்லாவிட்டால் காட்டுக்குப் பதில் அத்தனையும் தைலமரத் தோட்டம்.

[இடைக்குறிப்பு: நல்ல மண்ணில் கடிபட்ட கன்று மறுபடி துளிர்க்கும். இந்த மண்ணில் அதற்குத் தெம்பில்லை.]

3

அத்தானை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். மனம் வரவில்லை. எதுவும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்றே இத்தனை வருடம் பயந்தவர்களுக்கு, உள்ளே திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

"கம்பிய இழுத்துக் கட்டும்போதுகூட என் பின்னாடி நின்னு மென்னுட்டுதான் இருந்திருக்கும்" என்றாராம்.

4

முடிவு அ: அக்கா வேலிக் கதவைத் திறக்கிறாள். மான் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வெளியேறுகிறது.

அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "இது மான் இல்லடா, நீ வளர்த்த நாய்" என்றாள். விரட்டினால் கன்றுகளை மிதித்துக்கொண்டு ஓடி, கம்பியில் மோதிக் கழுத்தை முறித்துக்கொள்ளுமாம். திறந்து வைத்துக் காத்திருந்தால், வெளியே நிற்கும் கூட்டமும் உள்ளே வந்துவிடுமாம்.

முடிவு ஆ: வனக்காவலர் துப்பாக்கியுடன்... [அடித்துவிட்டேன். மான் சினையாக இருக்கிறது.]

5

மறுபடி கூப்பிடுகிறாள். பக்கத்தில் அத்தானின் மூச்சு மட்டும் கேட்கிறது. அக்காவின் கை கதவுத் தாழ்ப்பாளில் இருக்கிறதாம்.

"எதையாவது சொல்லுடா. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும்தான். கன்றுகளா மானா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களிடம் விடுகிறேன். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இந்தப் பத்தியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் மான் அடுத்த கன்றுக்குப் போய்விட்டது.