ஆணையில் இல்லாத சொல்

மாவட்ட ஆஸ்பத்திரியின் சீட்டு போடும் ஜன்னலுக்குள் குழந்தைகள் நலக் குழுவின் ஆணையை மூன்றாவது வாரமாக நீட்டினாள் யோகலட்சுமி. சங்கரன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மனநல டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவார், அதுவும் ஒரு மணி வரை. பக்கத்தில் ஒன்பது வயது ஏஞ்சல் சுவரைப் பார்த்து நின்றாள். வளர்க்கச் சொல்லிக் குழு அவளை யோகலட்சுமியிடம் ஒப்படைத்து ஐந்து மாதமாகிறது. வீட்டுத் தெருவில் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருக்கும்வரை பிள்ளை சும்மா இருப்பாள். கரண்ட் போய்த் தறிகள் ஓய்ந்தால் கட்டிலுக்கடியில் புகுந்து தன் முன்கையைக் கடிப்பாள். தொட்டால் விறைத்துப்போவாள். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

கிளார்க் கோமதிநாயகம் தாளைத் திருப்பித் தந்தார். "போன வாரமே சொன்னேம்லா. பெத்தவங்க கையெழுத்து வேணும்."

"பெத்தவ செத்துட்டா. அப்பன் எங்கன இருக்கான்னு போலீசுக்கே தெரியல."

"இதுல பராமரிக்கன்னுதாம்மா போட்டிருக்கு. வைத்தியம்னு இல்லயே."

"இவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப எங்க ஊர்ல ஊசி போட்டாக அண்ணாச்சி. யாரும் கையெழுத்து கேக்கல. பராமரிக்கதுன்னா சோறு போடுதது மட்டுந்தானா?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். யோகலட்சுமி நேராக நடந்துபோய் டாக்டர் அறை வாசலில், வழியை மறித்துத் தரையில் உட்கார்ந்தாள். தறி முதலாளியிடம்கூட அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

கோமதிநாயகம் எழுந்து வந்தார். "இப்படி வம்பு பண்ணுதீகன்னு கமிட்டிக்கு எழுதுனா, பிள்ளைய வாங்கிட்டுப் போயிருவாங்க."

ஐந்து மாதமாக அவள் பயந்த வார்த்தை அதுதான்.

"எழுதுங்க. கூடவே அவ கையவும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

வரிசையில் பேச்சு நின்றது. ஏஞ்சல் சுவரை விட்டுத் திரும்பினாள். இரண்டடி நடந்துவந்து, யோகலட்சுமியின் தோள் உரச உட்கார்ந்து, கால்களை நேராக நீட்டினாள். இப்போது வாசல் முழுக்க அடைபட்டுவிட்டது. யோகலட்சுமி மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. தோளில் பையோடு டாக்டரம்மா நின்றார். கிளார்க்கைப் பார்த்தார், யோகலட்சுமி நீட்டிய தாளைப் பார்த்தார், பிறகு பிள்ளையின் முன்கையில் இருந்த பல் தடங்களை.

"கொஞ்சம் வழி விடும்மா," என்றார் ஏஞ்சலிடம்.

ஏஞ்சல் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். காலை மடக்கவில்லை.

டாக்டரம்மா தோளிலிருந்து பையை இறக்கினார்.