தொப்பியில் இறங்கிய பருந்து

அடக்கம் எனக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டைக் குரலில் வான்கோழிச் சேவலைக் கூப்பிடுவதில் இந்த ஓசார்க் மலையில் என்னை மிஞ்ச ஆளில்லை. புகுந்த வீட்டு ஆண்களுக்குத்தான் அது உறைக்கவில்லை.

மாமனார் வெர்லினின் வேட்டை முகாமில் ஒரு வழக்கம். கூப்பிடுகிறவர் துப்பாக்கி தொடமாட்டார், சுடுகிறவர் வாய் திறக்கமாட்டார். கூப்பிடுகிறவர்தான் பெரிய ஆள். அந்த இடம் எப்போதும் மாமாவுடையது, காபி போடுவது என்னுடையது. இந்த வசந்தத்தில் மாமா பல் செட் மாட்டிக்கொண்டார். கோழிக் குரல் எழுப்ப மேலண்ணத்தில் ஒட்டவைத்து ஊதும் ரப்பர் பீப்பி அதோடு ஒத்துப்போகவில்லை. ஊதினால் பல்லும் சேர்ந்து வெளியே வந்தது.

"சரி ஆர்ஃபா, இன்னிக்கு நீ கூப்பிடு. சேவல் விழுந்துச்சுன்னா அந்த இடம் உனக்கு. கோட்டை விட்டா டாயிலுக்கு" என்றார்.

டாயில் என் கொழுந்தன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அண்ணி கூப்பிட்டா துருப்பிடிச்ச இரும்பு கேட்டுதாம்ப்பா பதில் குடுக்கும்!"

"நீ ஒழுங்காச் சுடு, போதும்" என்றேன்.

வெளுக்கும் முன் டாயிலோடு ஓக் மரத்தடியில் உட்கார்ந்து ஆந்தை போல அலறினேன். ஆந்தைக் குரல் கேட்டால் மரத்தில் அடைந்திருக்கும் சேவலுக்குப் பொறுக்காது. தன்னையறியாமல் பதிலுக்குக் கத்தி இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓடைக்கு அப்பால் சேவல் ஒருவன் கொளகொளவென்று கத்தினான். பீப்பியை வாயில் போட்டுப் பெட்டையாகக் கெஞ்சினேன். இறங்கினான். வாலை விரித்து, மாப்பிள்ளை முறுக்கோடு வந்தான். இன்னும் கொஞ்சம் வந்தால் டாயிலுக்குக் குறி எட்டும்.

குரலைத் தாழ்த்தி, மேயும் கோழியின் முனகலை விட்டேன். கையால் சருகையும் கிளறினேன். எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. தொப்பியைத் துளைத்து நகங்கள் மண்டையில் இறங்கின, சிறகு காதில் அறைந்தது. செவ்வால் பருந்து! நான் போட்ட கூச்சலில் அது உதறிக்கொண்டு பறந்தது. சேவல் 'டுக்' என்று ஒரே எச்சரிக்கை கொடுத்து, வாலைச் சுருட்டிப் புதரில் மறைந்தது. பருந்து வந்துபோன மலையில் வான்கோழி வாய் திறக்காது. வேட்டை முடியும் மதியம்வரை எதை ஊதியும் பதிலில்லை.

டாயில் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அண்ணி, ரத்தம் வருது."

"வரட்டும். சேவல் போச்சே!"

 திரும்பும் வழியில், பருந்தைப் பற்றிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். சாக்குச் சொல்லி இடம் பிடிக்கிற பிறவி இல்லை நான். அவனும் வாய் திறக்காவிட்டால் இடம் அவனுக்கு.

"சேவல் எங்க?" என்றார் மாமா.

"கோட்டை விட்டுட்டேன் மாமா."

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு காபிப் பாத்திரத்தைக் கழுவப் போனேன். கண் எரிந்தது. அழுகை என்று ஒத்துக்கொள்ள மனமில்லை.

"அப்பா, அண்ணி தொப்பியைக் கழட்டச் சொல்லுங்க" என்றான் டாயில். "பருந்து அடிச்சிருச்சு. பக்கத்துல உக்காந்திருந்த எனக்கே அண்ணி மனுஷிங்கிறது மறந்துபோச்சு. அது பாவம், என்ன பண்ணும்?"

மாமா எழுந்து வந்து தொப்பியை வாங்கினார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். முகத்தில் அப்பட்டமான பொறாமை. அதைப் பார்த்ததில் எனக்கு மண்டை வலியே மறந்துபோனது.

"நாப்பது வருஷமாக் கூப்பிடுறேன்" என்றார். "ஒரு பருந்துகூட என்னைக் கோழின்னு நம்பினதில்ல."

தொப்பியை என் தலையில் அவரே வைத்தார்.

"விடியறதுக்கு முன்னாடி என்னை எழுப்பிவிடு மருமகளே. நாளைக்கு உனக்கு நான் துப்பாக்கி தூக்குறேன்."