துரைசாணிக்குத் தப்பு சொன்னவள்

"மூஞ்சிக்கு நேரா சொன்னியா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"தமிழ்ல சொல்லலீங்கண்ணா."

"எந்தப் பாசையில சொன்னா என்ன? தொரசாணியம்மாள உக்கார வெச்சு, தப்பு தப்புன்னு மூச்சு உடாம சொல்லியிருக்கற."

"அந்தம்மா மூச்சு உடாம தப்பாச் சொன்னா நான் என்னதானுங்க பண்றது?"

மில்லிலிருந்து மத்தியானச் சோற்றுக்கு வந்த மருதாசலம் இன்னும் கால்கூடக் கழுவவில்லை. வந்த கையோடு தங்கை ஜானகியைப் பிடித்துக்கொண்டார். அவர் பெண்டாட்டி சுப்பம்மாள் சோற்றுக் கரண்டியோடு நிலைப்படியில் சாய்ந்து நின்று, யார் பக்கமும் சேராமல் இரண்டு பக்கமும் தூபம் போட்டுக்கொண்டிருந்தாள். உறை மோர் கேட்டு வந்த எதிர்வீட்டுக் கந்தம்மாள், மோர் வாங்கி வெகுநேரமாகியும் கிண்ணத்தோடு அங்கேயே நின்றாள். உறை ஊற்றுகிற அவசரமெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

விஷயம் இதுதான். முப்பத்தெட்டாம் வருஷம் ராசிபுரத்துக்கு வடக்கே புதிதாக நெசவு மில் வந்தது. இயந்திரத் தறிகளைப் பூட்டிக் கொடுக்க ஒரு துரையும் வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் இல்லை என்றதில் தெருவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். செக்கு தேசமாம். எண்ணெய் ஆட்டுகிறவர்களாக்கும் என்று கந்தம்மாள் ஒரு படி எள்ளோடு போய்த் துரையின் சம்சாரத்திடம் கொடுத்து, எப்போது ஆட்டித் தருவீர்கள் என்று கேட்டுவிட்டு வந்தது தனிக்கதை.

அந்தச் சம்சாரத்தின் பெயர் மிலேனா. தன் ஊரில் பிரசவம் பார்க்கப் படித்தவள். தம்மம்பட்டிப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட ஆள் தேவைப்பட்டது. ஆனால் அங்கே எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. மிலேனாவுக்கு அது அரைகுறை. தெருவில் இங்கிலீஷ் படித்த ஒரே பெண்பிள்ளை ஜானகி. ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் அவளைக் கூப்பிட்டு, "இவளை ஒழுங்காகப் பேச வைத்துக் கூட்டி வா. எங்கள் நர்ஸ் பெண்களுக்குப் பாடம் சொல்லும் வேலை உனக்கு. தங்க ஓர் அறையும் தருகிறேன்" என்றாள்.

வேலையைக்கூட ஜானகி அப்புறம்தான் நினைத்தாள். கட்டினவன் கொழும்புக்குப் போய் வருஷங்களாகின்றன, கடுதாசிகூடக் கிடையாது. அண்ணன் வீட்டுத் தறிக்குழிக்கும் நெல்லுக் குதிருக்கும் நடுவே பாய் விரித்துப் படுக்கிறவள் அவள். நாலு சுவரும் ஒரு கதவும், அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் என்றால் அவளுக்குச் சொர்க்கம் எதற்கு?

பாடம் துரையின் பங்களாத் தாழ்வாரத்தில் நடந்தது. மிலேனாவின் காதுக்கு 'பெட்'டும் 'பேட்'டும் ஒன்று. 'ஷிப்'பும் 'ஷீப்'பும் ஒன்று. எதை நினைத்துக்கொண்டு எதைச் சொல்கிறாள் என்று கண்டுபிடிக்க வேண்டி, ஜானகி அவள் பாஷையையே கேட்டு வாங்கிக்கொண்டாள். கப்பல் என்றால் லோத், செம்மறியாடு என்றால் ஓவ்த்ஸே, கட்டில் என்றால் போஸ்டெல். 'ஷிப்' என்பாள் மிலேனா. அர்த்தம் சொல்லு என்றால் ஓவ்த்ஸே என்பாள். ஜானகிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

அதைவிடப் பெரிய இம்சை தெருப் பெண்கள். பாடம் கேட்கிறோம் என்று தினமும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வீடு தேடி வந்த விருந்தாளியைத் தப்பு என்று சொல்லி அந்தத் தெருவில் யாருக்கும் பழக்கமில்லை. அவளோ கடல் தாண்டி வந்தவள். மிலேனா வாயைத் திறந்தால் போதும், "சரிங்க", "சுத்தமா இருக்குதுங்க", "எங்களுக்கெல்லாம் இப்படி வருமாங்க" என்று ஒரே பாராட்டு. மிலேனா பூரித்துப்போவாள். மறுநாளும் கப்பல் ஆடாகவே மேய்ந்துகொண்டிருக்கும். ஜானகி ஒரு நாள் வாய்விட்டுத் தப்பு என்றதற்குக் கந்தம்மாள் அங்கேயே எழுந்து, "ஏம்புள்ள, வந்த எடத்துல ஒருத்தி மனசு நோகப் பேசலாமா?" என்று நியாயம் கேட்டுவிட்டாள். செய்தி மருதாசலத்துக்கும் போயிற்று. அவர் அதே மில்லில் துரைக்குக் கீழே மேஸ்திரி. இனிமேல் தப்பு என்ற சொல் உன் வாயில் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜானகியும் கீழ்ப்படிந்தாள். தப்பு என்பதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று மிலேனாவிடமே கேட்டாள். ஷ்பட்னே என்றாள் மிலேனா. அன்று முதல் ஜானகி முகம் நிறையச் சிரிப்போடு "ஷ்பட்னே" என்பாள். தெருப் பெண்கள் அதையும் மரியாதையாக, "ஆமாங்க, ஷ்பட்னேங்க" என்று ஆமோதிப்பார்கள். நாலு மாதத்தில் கப்பல் தண்ணீருக்குப் போயிற்று, ஆடு பட்டிக்குத் திரும்பியது. டாக்டரம்மாள் வரச்சொன்ன வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் துரை, மில்லில் ஏதோ பேச்சுவாக்கில், "உன் தங்கை என் மனைவியைத் தினம் தப்பு தப்பு என்கிறாளாம்" என்று சிரித்துக்கொண்டே மருதாசலத்திடம் சொல்லிவிட்டார். சிரித்தது மருதாசலத்தின் கண்ணில் படவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இப்போது சோற்றுக்கு வந்திருந்தார்.

"நாளையிலிருந்து நீ அங்க போக வேண்டாம்," என்றார். "டாக்டரம்மாளுக்கு நான் ஆள் சொல்லி அனுப்பிடறேன்."

"இன்னும் ஒரு வாரந்தானுங்கண்ணா."

"ஒரு வாரத்துல என் வேலைக்கு உலை வெச்சிருவ."

"அவுங்க சொல்றதும் நாயந்தான்," என்றாள் சுப்பம்மாள். "ஜானகி போயிட்டாலும் அவ பாய் விரிக்கற எடம் எங்களுக்கு ஆகும், அதுவும் நாயந்தான்."

மூன்றாம் நாள் சாயங்காலம் மிலேனாவே குடையும் தொப்பியுமாக அந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மருதாசலம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். தெரு முழுக்க வாசலில் கூடியது.

"ஜானகி ஏன் வரலீங்க?" என்றாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம். அத்தனையிலும் 'ங்க' இருந்தது.

மருதாசலம், "மோர் சாப்பிடறீங்களா?" என்றார்.

மிலேனா சுற்றிலும் பார்த்தாள். வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டி, "ஷீப்," என்றாள். கந்தம்மாளைப் பார்த்தாள்.

"சரிங்க."

கட்டிப்போட்டிருந்த ஆட்டைக் காட்டி, "பெட்," என்றாள்.

"கிளி மாதிரி சொல்றீங்க," என்றாள் சுப்பம்மாள்.

மிலேனா மருதாசலத்திடம் வந்தாள். மில்லில் துரைக்குக் கீழே இத்தனை மாசம் இருந்தவர். ஆட்டுக்கும் கட்டிலுக்கும் இங்கிலீஷ் அவருக்குத் தெரியும். அவருடைய மீசையைக் காட்டி, நிதானமாக, "ட்ரீ," என்றாள்.

மருதாசலம் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "கரெக்டுங்க," என்றார்.

பிறகு ஜானகியின் பக்கம் திரும்பினாள். ஜானகி அண்ணனைப் பார்த்தாள், நெல்லுக் குதிர்ப் பக்கம் பார்த்தாள். சுருட்டி வைத்திருந்த பாயையும் பார்த்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"தப்பு," என்றாள் தமிழிலேயே. "மூணும் தப்பு."

கந்தம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மிலேனாவோ மருதாசலத்திடம், "தெரு பூரா சரிங்க, டாக்டர் சரி சொல்ல மாட்டாங்க. இவுங்க வேணும். நாளைக்கு அனுப்புங்க," என்றாள்.

மருதாசலம் எத்தனையோ சொல்ல நினைத்திருப்பார். ஆனால் வீட்டு வாசலில் நிற்கிற விருந்தாளி கேட்கிறாள். முடியாது என்று சொல்ல அவருக்கும் பழக்கமில்லை.

"சரிங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மாள் ஒரு மணி நேரம் மிலேனாவைக் கேள்வி கேட்டாள். ஓரிடத்தில் 'பேக்' தடுமாறி முதுகு என்பதற்குப் பை என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மாள் புருவத்தைத் தூக்குமுன் மிலேனா தானே நிறுத்தித் திருத்திக்கொண்டாள். டாக்டரம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஜானகியிடம், "எப்போது பெட்டியோடு வருகிறாய்?" என்று கேட்டாள்.

தை பிறப்பதற்குள் ஜானகி தம்மம்பட்டிக்குக் குடிபோனாள். காலியான இடத்துக்குச் சுப்பம்மாள் தன் தங்கை முத்தாயம்மாளை வரவழைத்தாள். அந்தப் பெண் அடுத்த வைகாசியில் மில்லில் வேலைபார்த்த மாரியப்பனைக் கட்டிக்கொண்டு சேலத்துக்குப் போயிற்று. செக்குத் துரையின் தேசத்தை ஜெர்மனிக்காரன் பிடித்துக்கொண்டான். பின்னாலேயே சண்டையும் வந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லாமல், மில்லில் நூல் தட்டுப்பாடு வந்ததும், துரையும் மிலேனாவும் கல்கத்தாப் பக்கம் போய்விட்டார்கள். நாற்பத்திரண்டில் ஜானகியின் புருஷன் கொழும்பிலிருந்து வந்து, அழைத்துப்போக வண்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். அவள் வரமுடியாது என்று சொல்லியனுப்பினாள். அவன் நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் வியாபாரி வீட்டில் வேறு பெண் எடுத்துக்கொண்டான். மருதாசலத்துக்கும் பத்திரிகை வைத்தார்கள். மறுக்கத் தெரியாத மனுஷன், போய் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.