கொக்குக்காசுக்கு எதிரே ஒரு கோடு

அந்தக் கடையில் பார்க்கிற வேலை அக்காவுடையது, பேசுகிற வேலை தம்பியுடையது. கடிகாரக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஓர் அறை, இரண்டு ஜன்னல். வெளிச்சம் நன்றாக விழுகிற மேசையில் அக்கா கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பழங்காசுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள். வாசலோரத்து மேசையில் தம்பி உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாய் ஓயாமல் பேசுவான். அவள் ஒரு வாரத்தில் பேசுவதை அவன் ஒரே வாடிக்கையாளரிடம் பேசித் தீர்த்துவிடுவான். நாற்பத்தெட்டு வயதில் காசைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொன்னதுதான். ஆனால் அவன் பேசுவதைக் கேட்டால் அக்காவே அவனிடம் பாடம் கேட்டவள் போல இருக்கும்.

காசு சேர்க்கிறவர்கள் எல்லோர் வீட்டிலும் அக்காவின் விலைப்புத்தகம் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை வரும். பச்சை அட்டை, நூற்று நாற்பது பக்கம், ஒவ்வொரு காசுக்கும் எதிரே ஒரு விலை. அவள் போட்டதுதான் விலை. விற்கிறவர் அதற்கு மேல் சொன்னால், "லென்ஸ் அக்கா புத்தகத்துல இவ்வளவுதானே இருக்கு" என்று வாங்குகிறவர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். எப்போதாவது ஒரு காசுக்கு எதிரே விலை இல்லாமல் சின்னக் கோடு மட்டும் இருக்கும். கோடு போட்டால், இந்த வருடம் இதை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்று பொருள். முன்னுரையில் தெளிவாக அச்சடித்திருந்தாள். முன்னுரையை யார் படிக்கிறார்கள்?

அந்த அறையின் பெருமை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரே காசில் இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளி. ஒரு பக்கம் படகு, மறுபக்கம் ஒற்றைக்காலில் நிற்கிற கொக்கு. மூன்றே வருடம் ஆண்ட யாரோ ஓர் அரசன் அடித்தது. உலகத்தில் மொத்தம் ஒன்பதுதான் இருப்பதாகக் கணக்கு. பழைய வெள்ளி வாங்குகிறவரின் தட்டில், உருக்கப் போகிற உடைந்த கொலுசுகளுக்கு நடுவே அதை அக்கா கண்டெடுத்து இருபது வருடம் ஆகிறது. விளிம்பில் ஒரு சின்ன வெட்டு உண்டு. அந்த வெட்டோடு அதன் படம் எல்லாக் காசுப் புத்தகங்களிலும் வந்துவிட்டது. புத்தகத்தில் விலை நாற்பதாயிரம்.

கட்டடத்துக்காரர் அறைகளை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். இவர்கள் அறைக்கு முப்பத்தெட்டாயிரம் சொன்னார். மூன்று மாதத்துக்குள் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். தம்பி கலங்கவில்லை. ஒரு வருடமாகப் பேசிப் பேசி ஒரு பல் டாக்டரைக் கொக்குக்காசுக்குச் சம்மதிக்க வைத்திருந்தான். வியாழக்கிழமை பணத்தோடு வருவதாக அவர் சொல்லியிருந்தார். புது அறையில் எந்தச் சுவருக்கு எந்த வண்ணம் என்பது வரைக்கும் தம்பி மனக்கோட்டை கட்டி முடித்திருந்தான்.

திங்கட்கிழமை காலையில் அருங்காட்சியக அதிகாரியம்மா இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களோடு படியேறி வந்தார். கதவைச் சாத்தச் சொன்னார். டப்பாவைத் திறந்து அக்காவின் மேசையில் ஒரு துணியை விரித்து மெதுவாகக் கொட்டினார்.

எல்லாம் கொக்கு.

"நானூத்திப் பன்னிரண்டு. தண்ணித் தொட்டிக்குக் குழி வெட்டும்போது ஒரே பானையில கிடைச்சிருக்கு. பாதி எங்களுக்கு, பாதி இடத்துக்காரருக்கு. அவர் ஏலம் விடப்போறார். நிஜமான்னு நீங்கதான் சொல்லணும். நாங்க அறிவிக்க ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாது."

"விடமாட்டோம்" என்றாள் அக்கா. தம்பியும் தலையாட்டினான்.

அக்கா இரண்டு நாள் ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்த்தாள். எல்லாம் நிஜம். குழி வெட்டியவர்கள் நல்ல எண்ணத்தில் பதினொரு காசுகளைப் பற்பசை போட்டுப் பளபளவென்று துலக்கி வைத்திருந்தார்கள். பழங்காசைத் துலக்கினால் அதன் மதிப்புப் போய்விடும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. நானூறு காசு வந்ததற்குக் கலங்காத அக்கா, அந்தப் பதினொன்றைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"அக்கா, நாளைக்கு டாக்டர் வர்றார். நாம யாரையும் ஏமாத்தல. அவரா கேட்டார், நாம குடுக்கிறோம். பானையில கிடைச்சதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"அவர் நாற்பதாயிரத்துக்கு ஏன் வர்றார்?"

"உன் புத்தகத்துல போட்டிருக்கு, அதான்."

"அந்த விலையப் போட்டவ நான். அது இனிமே நிக்காதுன்னு தெரிஞ்சவளும் நான். தெரிஞ்சுக்கிட்டே எப்படிடா அவர் கையில குடுப்பேன்?"

"அப்ப இந்த ரூம்?"

அக்கா லென்ஸைத் துடைத்து உறையில் போட்டாள். தம்பிக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைக்கு அவள் சொன்னது அவனுக்குக் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. பெரிய மனசு வந்துவிட்டால் அறை சும்மா கிடைத்துவிடுமா என்று படியிறங்கும்போது முணுமுணுத்துக்கொண்டே போனான்.

மறுநாள் பல் டாக்டர் வந்தார். இப்போது விற்பதாக இல்லை என்று அக்கா சொன்னாள். ஏன் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றாள். அவர் முகம் சிறுத்துப்போனது.

"இன்னும் ஏத்தலாம்னு பார்க்கிறீங்க. சொல்லிட்டே செய்யலாமே. உங்ககிட்ட இத எதிர்பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு வார்த்தையில் அவர் சந்தேகத்தைத் தீர்த்திருக்கலாம். ஆனால் அந்த நாலு வார்த்தைக்குத்தான் பூட்டுப் போட்டாகிவிட்டது. வாயை வைத்தே பிழைக்கிற தம்பி அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வாரம் விலைப்புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். பழைய விலையைப் போட்டால் பொய். புது விலையைப் போட்டால் கொடுத்த வாக்குப் போச்சு. அக்கா கொக்குக்காசுக்கு எதிரே ஒரு கோடு போட்டாள். எல்லோரும் வாங்காமல் விற்காமல் சும்மா இருப்பார்கள், ஒருவருக்கும் நஷ்டம் வராது என்று நினைத்தாள்.

அவள் நினைத்தது ஒன்று, நடந்தது வேறு. இதற்கு முன் இரண்டு முறைதான் கோடு போட்டிருந்தாள். இரண்டு முறையும், வேறு ஏதேதோ காரணத்தால், மறு வருடம் அந்தக் காசுகளின் விலை இரண்டு மடங்கு ஆகியிருந்தது. சேகரிப்பவர்கள் அதை மறக்கவில்லை. லென்ஸ் கோடு போட்டுவிட்டாள், கொக்கு பறக்கப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியது. ஐம்பத்தைந்தாயிரத்துக்கு ஒரு காசு கை மாறியது. பத்து நாளில் இன்னொன்று அறுபத்திரண்டுக்குப் போனது. பழங்காசு ஏலம் நடத்துகிற ஏலக்காரர் போனிலேயே எழுபது தரத் தயாராக இருந்தார்.

"கோடு போட்டா வாங்காதீங்கன்னு அர்த்தம்ங்க. முன்னுரையப் படிங்க" என்று தம்பி தொண்டை வற்றச் சொன்னான்.

"உங்க அக்கா பலே ஆளு, நீங்க அதுக்கு மேல" என்று ஏலக்காரர் சிரித்தார்.

எழுபதாயிரம். இரண்டு அறை வாங்கலாம். தம்பி கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கொக்கைப் பார்ப்பான், திரும்பி அக்காவைப் பார்ப்பான். அவள் ஏதோ செப்புக்காசை வெளிச்சத்தில் சாய்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பெட்டிச் சாவி அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. ஏலக்காரரின் எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே பிறகுதான் விளங்கியது. அக்காவை அந்த மேசையில், அந்த லென்ஸோடு, தெரிந்தே பொய் விலைக்கு விற்றவளாக நினைத்துப் பார்க்க அவனால் முடியவில்லை.

ஆறாவது வாரம் செய்தி வந்தது. பேப்பரில் பானையின் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் கொக்குக்காசுக்கு விலை என்று ஒன்றே இல்லாமல் போனது. அறுபத்திரண்டுக்கு வாங்கியவர் ஆறாயிரத்துக்கு விற்கப் பார்த்தார், வாங்க ஆள் இல்லை. கோபமெல்லாம் அக்கா பக்கம் திரும்பியது. அவளுக்கு முன்கூட்டியே தெரியும், கோடு போட்டு விலையைக் கிளப்பிவிட்டு ரகசியமாகத் தன் காசை எழுபதுக்குத் தள்ளிவிட்டாள் என்றார்கள். காசு பெட்டியில்தான் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றான் தம்பி. பெட்டியில் இருப்பது அச்சில் வார்த்தெடுத்த போலி என்றார்கள். ஆறு வாரம் மூடி வைத்த வாயைத் திறந்தும் பிரயோஜனம் இல்லை.

அடுத்த மாதம் ஓர் ஓட்டலின் கூட்ட அறையில் இடத்துக்காரரின் பங்குக் காசுகளுக்கு ஏலம் நடந்தது. இருநூறு நாற்காலியும் நிரம்பியிருந்தது. எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கையைத் தூக்க யாருக்கும் துணிவில்லை. ஏலக்காரர் முதல் காசைப் பத்தாயிரத்தில் ஆரம்பித்தார். ஐந்துக்கு இறங்கினார். மூன்று என்றார். சபை கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு மூன்றுக்கு வாங்கி நாளைக்கு முந்நூறு ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது.

பின் வரிசையில் யாரோ கேட்டார்: "லென்ஸ் அக்கா என்ன சொல்றாங்க?"

அக்கா எழுந்தாள். சபையில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"ரெண்டாயிரம். துலக்கினது நூறு. இத்தனை நாள் இத ஒன்பது பேர்தான் வச்சிருக்க முடிஞ்சது. இப்ப இங்க இருநூத்தி ஆறு விலைக்கு வந்திருக்கு. மீதி அருங்காட்சியகத்துல இருக்கு, அது வெளிய வராது. இந்தக் காசுக்காக எனக்குக் கடிதம் எழுதினவங்க மட்டும் முந்நூறு பேருக்கு மேல. அதனால ரெண்டாயிரத்துக்குக் கீழ இறங்கி நிக்காது. நாற்பதாயிரத்துக்கும் திரும்பாது."

"மத்தவங்க காசுக்கு ரெண்டாயிரம்" என்றார் ஏலக்காரர். "உங்க காசு என்ன விலைக்குப் போச்சுன்னும் சபைக்குச் சொல்லலாமே."

நாலு பேர் சிரித்தார்கள். அக்காவின் காது மடல் சிவந்ததைத் தம்பி பார்த்தான். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அழுகை வருவதற்கு முன் அப்படித்தான் சிவக்கும். அவன் எழுந்தான். காலையில் கிளம்பும்போது, யாராவது கேட்டால் காட்டலாம் என்று கொக்குக்காசைப் பெட்டியோடு எடுத்து வைத்திருந்தான். நேரே மேடைக்கு நடந்து ஏலக்காரர் முன்னால் அதை வைத்தான். எப்போதும் எதையாவது பேசிக்கொண்டே நடக்கிறவன், இந்த இருபதடி தூரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"லென்ஸ் இருக்கா? பாருங்க" என்றான்.

ஏலக்காரர் பார்த்தார். எடை போட்டார். விளிம்பில் இருந்த வெட்டை, தன் கையிலிருந்த பழைய புத்தகத்தின் படத்தோடு வைத்துப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது... அதேதான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"எழுபது தர்றேன்னு நீங்கதான் போன் பண்ணீங்க. ஞாபகம் இருக்கா? எங்க அக்கா குடுக்கல. காரணம் சொல்லவும் முடியல, வாக்குக் குடுத்திருந்தாங்க. கோடு மட்டும் போட்டாங்க. நீங்க யாரும் முன்னுரையப் படிக்கல." அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் லேசாகத் தலையசைத்தாள். "இப்ப இதையும் விக்கிறோம். ஏலம் இல்ல. அக்கா சொன்ன விலை. முதல்ல கேக்கிறவங்களுக்கு."

மூன்றாவது வரிசையில் பல் டாக்டர் கையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் ஒருவர், அது பேர் வாங்கின காசாயிற்றே, ஐயாயிரம் தருகிறேன் என்றார். இன்னொருவர் எட்டு என்றார். தம்பி அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"ரெண்டாயிரம், டாக்டருக்கு" என்றான்.

டாக்டர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, காசை வாங்காமல் முதலில் அக்காவிடம் போனார். "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றார். பரவாயில்லை என்று அவள் சொன்னது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்டிருக்காது.

அதற்குப் பிறகு கைகள் தாமாக உயர்ந்தன. துலக்கியது போக மற்ற அத்தனை காசும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குக் குறையாமலும் இரண்டாயிரத்து இருநூறைத் தாண்டாமலும் சாயங்காலத்துக்குள் விற்றுத் தீர்ந்தன.

அறை போய்விட்டது. இப்போது கடை ஓர் அச்சகத்துக்குப் பின்னால், ஒற்றை ஜன்னல் அறையில் இருக்கிறது. அந்த ஒரு ஜன்னலும் அக்காவின் மேசைக்குத்தான். தம்பி டியூப்லைட் வெளிச்சத்தில், இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்தி வியாபாரம் பேசுகிறான். தான் விற்ற எதன் விலையையும் ஒன்றுக்கு ஒன்றரையாகச் சொல்லியே பழகியவன் அவன். ஆனால் புதிதாக வருகிறவர்கள் அந்தக் கொக்குக்காசை எவ்வளவுக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் மட்டும், பேசிக்கொண்டிருப்பதை நிறுத்தி, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறான்.

"ரெண்டாயிரம்" என்கிறான். "எங்க அக்கா போட்ட விலை."