குமுறனுக்காக நடந்த மாமனார்

காலையில் அந்த வீட்டு நடைவழியில் ‘டக், டக்’ என்று வாக்கர் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, மகள் வீட்டில் வந்து தங்கியிருந்த மாமனார் அந்த இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு படுக்கையறைக் கதவிலிருந்து சமையலறை வாசல்வரை போய்த் திரும்புவார். வேலையில் இருந்த காலம் முழுக்க பஸ் ஓட்டியவர். உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றிய மனிதருக்கு இப்போது நாலடி நடப்பதே பெரும்பாடாக இருந்தது. வாக்கர் இல்லாமல் நடந்துவிட்டால் சொந்த வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்த ஒரே ஆசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

“இன்னும் ஒரு ரவுண்டு போங்க மாமா. சூப்பரா நடக்குறீங்க!” என்பான் மருமகன்.

“போதும் மாப்பிள்ளை, கால் கடுக்குது.”

“கடுக்கத்தான் செய்யும். நடந்தாத்தான் சரியாகும். ஒண்ணே ஒண்ணு!”

சமையலறையிலிருந்து இதைக் கேட்கும் மகளுக்கு, அவருடைய ‘பாப்பா’வுக்கு, கண் கலங்கிவிடும். ‘பெத்த பிள்ளைகூட இப்படிப் பாத்துக்க மாட்டான்’ என்று ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அது.

அந்த மருமகனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ‘பவர் கூடியிருக்கு, பவர் குறைஞ்சிருக்கு’ என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால் ‘பவர்’ என்றே கூப்பிட்டார்கள். நல்லவன்தான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனால் அவன் போனுக்குள் குமுறன் இருந்தான்.

குமுறன் ஒரு விளையாட்டில் வரும் சண்டைப் பிராணி. விதவிதமான பூதக்குட்டிகளைப் பிடித்து வளர்த்து, மற்றவர்களின் பூதக்குட்டிகளோடு மோதவிட வேண்டும். குமுறனுக்கு நான்கு கை, சப்பை மூக்கு, செங்கல் நிறம். ஒரு நொடி சும்மா நிற்காது. இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் தாவிக்கொண்டே காற்றில் குத்து விடும். வைத்திருப்பவர் நடந்தால், அந்த நடை அதற்குப் பயிற்சியாகப் போய்ச் சேரும். போதுமான அளவு நடந்துவிட்டால் அது பெருங்குமுறன் ஆகிவிடும். அப்புறம் அதை அடிக்க ஆளே கிடையாது. நடக்காவிட்டாலோ முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ளும். அந்த முதுகைப் பார்த்தால் பவருக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி வேறு வந்துகொண்டிருந்தது.

கடையில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றாக வேண்டும். போனை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. பிறகு குமுறன் எங்கே வளர்வது? ஒரு நாள் மாமனார் வாக்கரோடு போய்வருவதைப் பார்த்தபோது அவனுக்குப் பொறி தட்டியது.

“பகல்ல அப்பா தனியா இருக்காருங்க. அவசரத்துக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் குடுத்துடலாமா?” என்று மனைவியும் அன்றைக்கே கேட்டாள்.

“அது எதுக்கு? என் போனையே வெச்சிட்டுப் போறேன். கடையில அது சும்மாதானே கிடக்கு!”

என்ன பெருந்தன்மை பாருங்கள்! வாக்கரில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, அதற்குள் போனை வைத்தான். “விழுந்துட்டா பக்கவாட்டுப் பட்டனை ரெண்டு தடவை அமுக்குங்க மாமா. உங்க பொண்ணுக்குப் போன் போயிடும்” என்று சொல்லியும் கொடுத்தான். அதுவரை பொய் இல்லை. ஆனால் பைக்குள் ஆடி ஆடி விளையாட்டு அடிக்கடி மூடிக்கொண்டது. நடந்த நடை குமுறனுக்குப் போய்ச் சேரவில்லை. பவரால் பொறுக்க முடியுமா? திரையை அந்த விளையாட்டோடு சேர்த்துப் பூட்டிவிட்டான். ரகசிய எண்ணைப் போடாமல் யாரும் அதைவிட்டு வெளியே வர முடியாது. அழைப்பு போகாது; வந்தாலும் சத்தம் கேட்காது. எல்லாம் அவனுக்குத் தெரியும். ‘மாமா எங்க விழப்போறாரு’ என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

காலில் வீக்கம் கண்டால் நடையை நிறுத்த வேண்டும் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொல்லியிருந்தார். வீக்கம் கண்டது. மாமனார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் “இன்னிக்கு நல்லா நடந்தீங்களா மாமா?” என்று கேட்டுக்கொண்டே பைக்குள் கைவிடும் மருமகன், அந்தப் போர்வைப் பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை பவருக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. இன்று பெருங்குமுறன் ஆகிவிடுமா, ஆகாதா? கை சும்மா இழுப்பறையைத் திறந்து மூடியது. ஓர் அம்மாளுக்கு அவர் கணவரின் கண்ணாடியை மாட்டிவிட்டு, “இப்ப எப்படித் தெரியுது?” என்றான்.

“எங்க வீட்டுக்காரர் ரெண்டு பேராத் தெரியுறாரு. ஒருத்தரை வெச்சே சமாளிக்க முடியலை!” என்றார் அந்த அம்மாள்.

கடையே சிரித்தது. முதலாளி மட்டும் முறைத்தார். “என்னப்பா, காலையிலேருந்து தவியாய்த் தவிக்கிறே?”

“மாமாவுக்குச் சாப்பாடு போட்டுட்டு ஓடி வந்துடறேன் சார்.”

“இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகனா! போயிட்டு வாப்பா.”

வீட்டுக் கதவைத் திறந்தான். வாக்கர் சத்தம் கேட்கவில்லை. சமையலறை வாசலில் வாக்கர் குப்புறக் கிடந்தது. பக்கத்தில் மாமனார், ஒரு கால் மடங்கியபடி கிடந்தார். உதடு வறண்டிருந்தது. கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“மாப்பிள்ளை... வந்துட்டீங்களா?”

பவர் பதறிப்போய்க் குனிந்தான். குனிந்தவன் கண்ணில் முதலில் பட்டது திரைதான். அதில் மலைபோல் ஒன்று நின்று, நான்கு முஷ்டியாலும் மார்பில் அடித்துக்கொண்டிருந்தது. பெருங்குமுறன்!

“ஆயிடுச்சு!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டான்.

“என்ன ஆயிடுச்சு மாப்பிள்ளை? பாப்பாவுக்குப் போன் போயிடுச்சா?” என்று தரையில் கிடந்தபடியே கேட்டார் மாமனார்.

பவர் அவர் கையிலிருந்து போனை உருவினான்.

“நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல விழுந்தேன். நீங்க சொன்ன பட்டனைத்தான் அமுக்கிக்கிட்டே இருக்கேன். எதை அமுக்கினாலும் இந்தப் பொம்மைதான் குதிக்குது. எனக்குத்தான் அமுக்கத் தெரியலை போல.”

பவர் அவசர அவசரமாக ரகசிய எண்ணைப் போட்டான். பூட்டைத் திறந்து ஆம்புலன்சைக் கூப்பிட்டான். திரை முழுக்க மனைவியின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. காலையிலிருந்து அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“இவ்வளவு வீக்கத்தோட யார் இவரை நடக்கச் சொன்னது?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தம் போட்டார். உள்ளே வைத்த தகடு நகர்ந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன். அதற்குப் பிறகும் வாக்கரை விடுவது சந்தேகம்தான் என்றார். மாமனார் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சொந்த வீட்டைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

வேலையிடத்திலிருந்து ஓடிவந்த மனைவி கட்டிலருகில் பவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நல்ல வேளைங்க, நீங்க சாப்பாடு போடப் போனீங்க. இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!”

அப்படியே விட்டிருக்கலாம். மாமனாருக்கு அந்தப் பூட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ‘பாப்பாவுக்குப் போன் போயிடுச்சா?’ என்று அவர் நம்பிக்கையோடு கேட்டது பவரின் நெஞ்சைப் போட்டு அறுத்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

மனைவி கையை உருவிக்கொண்டாள். “அந்தப் பொம்மை சோர்ந்து போனா உங்களுக்குத் தெரியுது. எங்கப்பா கால் வீங்கினது தெரியலையா?”

பவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கட்டிலிலிருந்து மெல்ல வந்தது மாமனாரின் குரல்.

“அவரை மட்டும் சொல்லாதேம்மா. வீங்கினது எனக்கு அப்பவே தெரியும். நாந்தான் மறைச்சேன். சாயங்காலமானா ‘நல்லா நடந்தீங்களா’ன்னு வந்து கேப்பாரு. கேக்க ஒரு ஆள் இருக்காரேன்னு நடந்தேன்.”

பவர் ஓவென்று அழுதுவிட்டான். பெரிய ஆண்பிள்ளை, வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் கவலைப்படவில்லை. மாமனாரின் பாதத்தைப் பயந்து பயந்து தொட்டான்.

“ரொம்ப வலிக்குதா மாமா?”

மாமனார் உடனே பதில் சொல்லவில்லை. அவன் காத்திருந்தான்.

“ஆமா மாப்பிள்ளை. தாங்க முடியலை” என்றார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “இதை அன்னைக்கே கேட்டிருந்தா இங்க வந்திருக்க மாட்டோம். கேட்டுட்டு ஓடிடக் கூடாதுங்க. பதில் வர்ற வரைக்கும் அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கணும். வீட்டுல இருக்கிற மனுஷங்களை அப்படிப் பாக்கத் தெரியாதவன், கைக்குள்ள எதை வளத்து ஜெயிச்சாலும் தோத்தவன்தான்.”