ஜெரால்டுக்காக ஒரு ஜெபம்

வெண்டல் க்ரவுஸ் வாயைத் திறந்தால் பாறைக்குக்கூட ட்ராக்டர் விற்றுவிடுவார் என்று மின்னசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் பெயர். அதை நம்பித்தான் போதகர் ஜோயல் அவரைத் தேவாலயத்தின் புதன்கிழமை வாலிபர் கூட்டத்துக்குத் தொண்டராகப் பிடித்துப்போட்டார். அங்கே மனிதரின் பாச்சா பலிக்கவில்லை. தொப்பியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிள்ளைகள் பாவமாகப் பார்த்தார்கள். எதைக் கேட்டாலும் "ஓகே"தான் பதில். பதினைந்து வயது மாரென் அந்த ஓகேயைக்கூடச் சொல்ல மாட்டாள்.

அந்தப் பெண் இப்படியே இருந்தால் சீக்கிரம் வருவதையே நிறுத்திவிடுவாள் என்று வெண்டலுக்குத் தெரிந்தது. எப்படியாவது அவளைப் பேசவைத்துவிட வேண்டும் என்று துடித்தார்.

ஒரு புதன்கிழமை, "யாருக்காகவாவது ஜெபிக்கணுமா?" என்று வழக்கம்போலக் கேட்டார். மாரென் தரையைப் பார்த்தபடி வாயைத் திறந்தாள்.

"ஜெரால்டுக்கு ஒடம்பு சரியில்ல. சாப்பாடே இறங்கல. எந்நேரமும் படுக்கைதான்."

வெண்டலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஜெரால்டு யார் என்று கேட்கவில்லை. துருவிக் கேட்கக் கூடாது என்று தொண்டர் பயிற்சியில் போதகர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்த ஊரில் எழுபது வயதுக்குக் கீழே ஜெரால்டு என்று எவனும் கிடையாது. ஆக, தாத்தாதான். வீடு போய்ச் சேரும் முன்பே ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லி ஊரே ஜெபிக்கும் சபையின் ஜெபச் சங்கிலிக்குச் செய்தியை அனுப்பிவிட்டார்.

அந்த லுத்தரன் சபைப் பெண்மணிகளுக்கு ஒரு நோயாளி கிடைத்தால் போதும், ஜெபத்தோடு அடுப்பையும் பற்றவைத்துவிடுவார்கள். கோழியும் காளான் சூப்பும் உருளைக்கிழங்குமாகச் சுட்டெடுத்த ஹாட்டிஷ் தட்டுகள் மாரென் வீட்டு வாசலில் வரிசைகட்டின. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு வேறு ஜன்னலடியில் நின்று நோயாளிக்காகப் பாடியது. பொறுக்க முடியாமல் மாரெனின் அம்மா வெளியே வந்து, ஜெரால்டு வீட்டில் வளர்க்கும் ஓணான் என்று சொன்னாள்.

வெண்டலின் மானம் கப்பலேறியது. அது போனால் போகட்டும், பெண்ணும் போய்விடுவாளே! மனைவி ஆர்டிஸைக் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார்.

"ஊரே என்னைப் பாத்துச் சிரிக்குது" என்றாள் மாரென், கதவைப் பாதி திறந்து.

"என்னைப் பாத்துத்தாம்மா சிரிக்குது. யாரு என்னன்னு கேக்காத மடையன் நான்தானே? ஜெரால்டை நான் பாக்கலாமா?"

முழங்கை நீளப் பச்சை உடம்போடு ஜெரால்டு அவர் தோளில் ஏறியது. ட்ராக்டர்காரர் போட்ட அலறலில் ஆர்டிஸ் வாசலுக்கே ஓடிவிட்டாள். மாரென் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த புதன்கிழமை வந்தாள். யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டதும் முதல் கை அவளுடையது.

"மிஸ்டர் க்ரவுஸுக்காக. ஓணானைப் பாத்தே பாதி உசுரு போயிருச்சு மனுஷனுக்கு."

கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. வெண்டலும்தான் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவள் மெல்லச் சொன்னாள்: "ஜெரால்டு எங்கப்பா வளத்தது. அவரு எங்களை விட்டுட்டுப் போனதுலேருந்துதான் சாப்பிடறதில்ல."

பயிற்சியில் கேட்டதெல்லாம் வெண்டலுக்கு மறந்துபோனது.

"நீ சாப்பிடறியாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் மாரென். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தவள், போதகர் வந்து கதவைப் பூட்ட நிற்கும்வரை நிறுத்தவில்லை. பாறைக்கு ட்ராக்டர் விற்கிறவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.