ரஸ்ஸலின் சிவப்புக் காருக்கு ஒரு காவலாள்

1

இந்தக் கதை திருட்டுப் பொருள். எதிர்வீட்டு ரஸ்ஸலிடமிருந்து எடுத்தேன். காருக்கு அத்தனை பூட்டுப் போட்டவர் கதைக்கு ஒன்றுகூடப் போடவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒன்டாரியோவின் வசந்தகாலக் காலையில் செந்நிறக் குதிரையொன்று..." அடித்துவிட்டேன். அது கார். அதைக் குதிரை என்பவர் ரஸ்ஸல்.

2

ரஸ்ஸல் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஊரார் பற்களுக்குக் கம்பி கட்டியே அந்த ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். எங்கள் பக்கத்தில் கார்கள் காணாமல் போகத் தொடங்கியதும், தெருக்காவல் குழுவுக்குத் தன்னைத் தலைவராக அறிவித்துக்கொண்டார். குழு என்பது அவரும், ஓடித் தப்பத் தெரியாத நானும்.

கார்ச் சாவி, திருடர்கள் அதன் சிக்னலைப் பிடித்துக் காரைத் திறந்துவிடாதபடி, சிக்னல் கசியாத உறைக்குள். உறை பிஸ்கட் டின்னுக்குள். ஸ்டியரிங்கில் இரும்புப் பூட்டு. காருக்குப் பின்னால், வழியை மறித்து, மனைவி மோரினின் பழைய வேன்.

(கராஜுக்குள் விடலாமே என்பீர்கள். அங்கே ஹாக்கி வலை, பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மான்கள், ஓடாத டிரெட்மில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தெரு முழுக்க இதே ஏற்பாடுதான்: குப்பை உள்ளே, கார் வெளியே.)

"இரும்புப் பூட்டோட சாவிய எங்க வச்சிருக்கீங்க?" என்றேன்.

"வேன்ல. அந்த டப்பா வண்டிய எவன்யா தொடப்போறான்?"

3

இங்கே திருடன் வரவேண்டும். அவனுக்குக் கன்னத்தில் தழும்பும் வீட்டில் நோயாளித் தாயும் கொடுத்துப் பார்த்தேன். நிலவொளியில் அவன் மெல்ல... வேண்டாம். அவனை யாரும் பார்க்கவில்லை. ரஸ்ஸலின் மகள் கெல்சியின் கல்யாணத்தன்று காலையில் வேனைக் காணோம். தெரிந்தது இவ்வளவுதான்.

கெல்சியின் பள்ளி நாடகம், நீச்சல் போட்டி எதற்கும் ரஸ்ஸல் போனதில்லை. எப்போதும் யாருடைய பல்லோ காத்திருக்கும். அதற்கெல்லாம் சேர்த்துத்தான், கல்யாணத்தன்று தன் காரில் தானே அவளைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

4

கார் பத்திரமாக இருந்தது. இரும்புப் பூட்டின் சாவி வேனோடு போய்விட்டதால், உரிமையாளராலும் அசைக்க முடியாத பத்திரம்.

ரஸ்ஸல் கோட்டைக் கழற்றிவிட்டு ரம்பத்தை* எடுத்தார். இரும்புப் பூட்டில் கீறல்கூட விழவில்லை. ஸ்டியரிங்கை அறுத்தார். பூட்டு கழன்றது, ஸ்டியரிங்கில் ஒரு துண்டையும் கூட்டிக்கொண்டு.

வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்தபடி கெல்சி வந்தாள். "அப்பா, டாக்ஸி வந்திருச்சு. வா."

"அஞ்சு நிமிஷம்மா. டேப் சுத்திட்டா ஓட்டிரலாம்."

"டேப் சுத்தின ஸ்டியரிங்ல நான் வரல. எனக்குக் கார் வேணாம்பா, நீ வந்தாப் போதும்."

ரஸ்ஸல் காரைப் பார்த்தார். வேனும் இல்லை, பூட்டும் இல்லை. பிறகு, சூட்டும் பரிசுப் பொட்டலமுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"நீ கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணுமா?"

"கூப்பிட்டிருக்கீங்களே."

"கூப்பிட்டது ஒரு மரியாதைக்கு."

"அவர் வர்றார்ப்பா," என்றாள் கெல்சி. "நீ வர்றியா, இல்ல இன்னிக்கும் ஏதாவது பல்லு காத்துட்டிருக்கா?"

* ரம்பம் கராஜின் மூலையில் இருந்தது. அதை எடுக்க மான்களை எல்லாம் வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று. டிரெட்மில்லையும் எடுத்தால் கார் உள்ளே போய்விடும் என்றேன். "வெளிய வச்சு அத எவனாவது தூக்கிட்டுப் போயிட்டா?" என்று முறைத்தார்.

5

முடிவு அ: ரஸ்ஸல் கண்கலங்கி, மகளைக் கட்டிக்கொண்டு... அவர் கண்கலங்க மாட்டார். மற்றவர்களைக் கலங்கவைத்துத்தான் பழக்கம்.

முடிவு ஆ: போகிறார், திரும்பி வரும்போது கார் இல்லை. பள்ளிக்கூட நீதிக்கதை.

முடிவு இ: அவர் போகவில்லை. இதை எழுதக் கை வரவில்லை. கெல்சி நல்ல பெண்.

ஆக, ரஸ்ஸலின் ஒரு கால் டாக்ஸிக்குள், ஒரு கால் தரையில். காவலுக்கு ஆள் இல்லாமல் அந்தக் காலை எடுக்கமாட்டார். நான் வரவேண்டும் என்று கெல்சி சொல்லிவிட்டாள். மான்களை நம்ப முடியாது.

வாசகரே, நீங்கள் எப்படியும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கராஜ் வாசலில் மடக்கு நாற்காலி போட்டிருக்கிறேன்.

"நம்பிக்கையான ஆளா?" என்கிறார் ரஸ்ஸல்.

"இவ்வளவு தூரம் எழுந்து போகாம படிச்சிருக்காங்க," என்கிறேன்.

அவர் உங்களையே பார்க்கிறார். சீக்கிரம் உட்காருங்கள். பெண்ணுக்கு நேரமாகிறது.